“பார்த்தா நல்லாத்தானே இருக்கீங்க!”

மாற்றுத்திறனாளிகளுக்கென ஒதுக்கிய பார்க்கிங் இடத்தில், வெளியே தெரியாத நோயோடு வாழ்பவர் வண்டியை நிறுத்தலாமா? நிறுத்தினால் யார் கேட்கலாம், எப்படிக் கேட்கலாம்? எளாவூர் தொடங்கி லண்டன் வரை ஓர் அலசல்.

சென்னையிலிருந்து வடக்கே போகும் ஜி.என்.டி. ரோட்டில், ஆந்திர எல்லைக்குச் சற்று முன்னால் இருக்கிறது எளாவூர். லாரி ஓட்டுநர்களிடம் இந்தப் பெயரைச் சொன்னால் முதலில் அவர்கள் நினைவுக்கு வருவது சோதனைச்சாவடிதான். அங்கே எந்த லாரியையும் நின்ற இடத்திலிருந்து பார்த்து, “பாரம் கம்மிதான், போ” என்று அனுப்புவதில்லை. எடைமேடையில் ஏற்றுகிறார்கள், காகிதங்களைப் பார்க்கிறார்கள். மனித உடல் சுமக்கும் பாரத்தை அளக்கத்தான் நாம் இன்னும் கண்மதிப்பை நம்பிக்கொண்டிருக்கிறோம்.

ஒரு காட்சியை எண்ணிப் பார்ப்போம். கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையில் வேலை பார்க்கும் எளாவூர்க்காரர் ஒருவர், வயது ஐம்பது. இதயத் தசை பலவீனமாகிவிட்டது. உட்கார்ந்து பேசினால் ஒரு வித்தியாசமும் தெரியாது. ஐம்பதடி நடந்தால் மூச்சு வாங்கும். நூறடி நடந்தால் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். சென்னையில் ஒரு வணிக வளாகத்துக்குக் குடும்பத்தோடு காரில் வருகிறார். லிஃப்ட் பக்கத்தில் சக்கர நாற்காலி படம் வரைந்த இடம் காலியாக இருக்கிறது. நிறுத்துகிறார். விசில் ஊதிக்கொண்டு செக்யூரிட்டி வருகிறார்.

“சார், இது ஹேண்டிகேப் பார்க்கிங். வண்டியை எடுங்க.”

“எனக்கு முடியலைங்க, ஹார்ட் பிரச்னை.”

“பார்த்தா நல்லாத்தானே இருக்கீங்க!”

இதில் யாரும் கெட்டவர் இல்லை. செக்யூரிட்டி தன் வேலையைச் செய்கிறார். அன்று காலை முதல் எத்தனை பேர் அதே இடத்தில் வண்டியை விடப் பார்த்தார்களோ! கார்க்காரர் பொய் சொல்லவில்லை. பின்னால் சக்கர நாற்காலியோடு ஒருவர் வந்தால் அவர் கோபப்படுவதும் நியாயம்தான். மூவருக்கும் நடுவே விதி என்று ஒன்று தெளிவாக இல்லாததால், இங்கிதம் என்ற ஒன்றாவது வேண்டியிருக்கிறது.

அகலமா, அருகாமையா?

ஒதுக்கிய இடத்தை ஒரு சலுகையாகவே பலரும் பார்க்கிறோம். உண்மையில் அது இரண்டு வெவ்வேறு உதவிகளை ஒரே கட்டத்துக்குள் வைத்திருக்கிறது.

முதலாவது, அகலம். சக்கர நாற்காலியில் இருப்பவர் காரின் கதவை முழுதாகத் திறக்க வேண்டும். நாற்காலியைப் பக்கத்தில் இறக்கி நிறுத்த வேண்டும். கார் இருக்கையிலிருந்து அதற்கு உடலை நகர்த்திக்கொள்ள வேண்டும். இதற்காகத்தான் நம் கட்டட விதிகள் இந்த இடத்துக்குக் குறைந்தது 3.6 மீட்டர் அகலம் கேட்கின்றன. வழக்கமான கார் இடம் சுமார் 2.5 மீட்டர். மிச்சமுள்ள ஒரு மீட்டர் சொச்சத்தில் சாய்கோடுகள் போட்டிருப்பார்கள். ‘சும்மா கிடக்கிற இடம்தானே’ என்று அங்கே ஒரு பைக்கைச் சொருகிவிட்டால், காருக்குள் இருப்பவர் சிறைப்பட்டதுபோலத்தான்.

இரண்டாவது, அருகாமை. நுழைவாயிலிலிருந்து 30 மீட்டருக்குள் இந்த இடம் இருக்க வேண்டும் என்கின்றன விதிகள். இது அதிக தூரம் நடக்க முடியாதவர்களுக்கானது.

சக்கர நாற்காலிக்காரருக்கு இரண்டும் வேண்டும்; அதிலும் அகலம் இல்லாவிட்டால் அவரால் இறங்கவே முடியாது. இதயம், நுரையீரல் பாதித்தவருக்கு அருகாமை போதும். செயற்கைக் கால் பொருத்திய இளைஞர் பேன்ட்டுக்குள் அதை மறைத்துக்கொண்டு நிமிர்ந்து நடப்பார்; துண்டித்த இடத்தில் தோல் உரசிப் புண்ணான நாளில் ஒவ்வோர் அடியும் அவருக்கு எரியும். ஹீமோஃபிலியா உள்ளவருக்கு முழங்கால், கணுக்கால் மூட்டுகளுக்குள் ரத்தம் கசிந்து கசிந்து மூட்டே தேய்ந்திருக்கும். ஆட்டிசம் உள்ள சிறுவனின் தாய்க்கோ பயம் வேறு: கையை உதறிவிட்டு ஓடும் வண்டிகளுக்கு நடுவே பிள்ளை பாய்ந்துவிடுவானோ என்பது. வண்டிக்கும் வாசலுக்கும் இடையே உள்ள தூரம் குறையக் குறைய அந்தப் பயமும் குறையும்.

ஆகவே ‘இவருக்கு என்ன ஊனம்?’ என்று கேட்பதைவிட, ‘இவருக்கு வேண்டியது அகலமா, அருகாமையா?’ என்று கேட்பது பயனுள்ளது. பார்க்கிங் சண்டைகளில் பாதி, இந்த இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதால் வருகிறது.

நேற்று நடந்தாரே!

வெளியே தெரியாத நோய்களுக்கு இன்னொரு குணம் உண்டு: அவை நாளுக்கு நாள் மாறும். தலசீமியா உள்ள பெண்ணுக்குச் சில வாரங்களுக்கு ஒருமுறை ரத்தம் ஏற்ற வேண்டும். ஏற்றிய மறுவாரம் அவர் கல்லூரி மாடியேறிப் போவார். அடுத்த முறை ஏற்றுவதற்கு முந்தைய நாள்களில் படியைப் பார்த்தாலே களைப்பு வரும். டயாலிசிஸ் செய்துகொள்பவர் வாரத்துக்கு மூன்று முறை, ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம் இயந்திரத்தோடு இணைந்திருக்கிறார். காலையில் தானே நடந்து உள்ளே போனவர், மதியம் வெளியே வரும்போது கால் துவண்டு வருவார்.

மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்ற நரம்பு நோயில் வெயிலே எதிரி. உடல் சூடு சற்று ஏறினாலும் பார்வை மங்கும், கால் பலம் இழக்கும், சோர்வு கூடும். உடலை வருத்திய பின் பார்வை மங்குவதை ஜெர்மானியக் கண் மருத்துவர் வில்ஹெல்ம் ஊட்ஹாஃப் 1890இலேயே பதிவு செய்தார். டிசம்பரில் பார்க்கிங்கின் கடைக்கோடியிலிருந்து நடந்துவந்த அதே ஆள், மே மாத மதியத்தில் பாதித் தூரம்கூட வர முடியாமல் போகலாம். ‘நேற்று நல்லா நடந்தாரே, இன்னிக்கு நடிக்கிறாரா?’ என்ற பேச்சு இப்படிப்பட்டவர்களைத்தான் சுடுகிறது.

நம் கண் ஏன் இவர்களை ஏற்க மறுக்கிறது? நம் தலைமுறைக்கு ‘மாற்றுத்திறனாளி’ என்றதும் மனத்தில் எழும் உருவத்தைத் தந்தது இளம்பிள்ளை வாதம். காலிபர் போட்ட கால், அக்குளில் தாங்குகட்டை, கையால் சுற்றி ஓட்டும் மூன்று சக்கர வண்டி... ஊருக்கு ஒருவராவது இருந்தார்கள். இயற்கையான வைரஸால் வந்த இந்தியாவின் கடைசி போலியோ பாதிப்பு 2011 ஜனவரியில் மேற்கு வங்கத்தில் பதிவானது. 2014 மார்ச்சில் போலியோ இல்லாத நாடானோம். புதிதாகப் போலியோ வருவது ஏறக்குறைய நின்றுவிட்டது. நம் மனத்திலிருக்கும் படம் மட்டும் மாறவில்லை.

தரையில் வரைந்திருக்கும் படமும் அந்த நினைப்பையே உறுதிப்படுத்துகிறது. சூசன் கோஃபெட் என்ற டென்மார்க் வடிவமைப்பு மாணவி 1968இல் வரைந்த கோட்டுருவம் அது. அவர் வரைந்தது வெறும் நாற்காலி. பிறகு அதற்கு ஒரு வட்டத் தலை வைத்து மனிதராக்கி, 1969இல் உலகப் பொதுச் சின்னமாக ஏற்றார்கள். தூரத்திலிருந்தே புரியும் அருமையான சின்னம்தான். ஆனால், அது சக்கர நாற்காலியை மட்டும் காட்டுவதால், அதற்குள் அடங்கும் மற்ற அனைவரும் ஒவ்வொரு முறையும் தம்மை நிரூபிக்க வேண்டியதாகிறது.

சட்டம் எங்கே நிற்கிறது?

1995ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டம் 7 வகைக் குறைபாடுகளைத்தான் ஏற்றது. 2016இல் வந்த உரிமைகள் சட்டம் அதை 21 ஆக்கியது. 2017 ஏப்ரல் 19 முதல் நடைமுறையில் இருக்கும் இந்தச் சட்டத்தில் ஆட்டிசம், கற்றல் குறைபாடு, பார்க்கின்சன், மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ், தலசீமியா, ஹீமோஃபிலியா, சிக்கிள் செல் நோய் என்று வெளியே தெரியாதவை பல இடம்பிடித்தன. அது பெரிய முன்னேற்றம்.

ஆனாலும் நம் எளாவூர்க்காரருக்கு அந்தப் பட்டியலில் இடமில்லை. இதயச் செயலிழப்பு, சிறுநீரகச் செயலிழப்பு, நாள்பட்ட நுரையீரல் நோய், புற்றுநோய் ஆகியவை 21க்குள் வரவில்லை. பட்டியலில் இருப்பவர்களுக்கும் பல அரசுச் சலுகைகளுக்கு 40 சதவீதம் என்ற வரம்பு உண்டு. இந்தச் சதவீதம் உடலின் பாதிப்பை அளக்கிறதே தவிர, ஒருவர் எத்தனை மீட்டர் நடப்பார் என்பதை அளப்பதில்லை. முழுக்கக் காது கேளாத ஒருவரிடம் உயர்ந்த சதவீதச் சான்றிதழ் இருக்கும். அவருக்கு வேண்டியது சைகை மொழியும் எழுத்து அறிவிப்பும். பார்க்கிங்கில் அவரால் கடைக்கோடியிலிருந்து நடந்து வர முடியும். நூறடி நடக்க முடியாத இதய நோயாளியிடம் காட்டுவதற்கு எந்த அட்டையும் இல்லை. அட்டை ஒரு பக்கம், தேவை இன்னொரு பக்கம் நிற்கிறது.

விந்தை என்னவென்றால், ரயில்வே இந்த இடைவெளியை எப்போதோ உணர்ந்துவிட்டது. அறுவை சிகிச்சைக்குப் போகும் இதய நோயாளிகள், டயாலிசிஸுக்குப் போகும் சிறுநீரக நோயாளிகள், புற்றுநோயாளிகள், தலசீமியா, ஹீமோஃபிலியா நோயாளிகள் எனப் பலருக்கும் கட்டணச் சலுகை உண்டு. 2020 கொரோனா காலத்தில் பல சலுகைகளை நிறுத்தியபோதும் 4 வகை மாற்றுத்திறனாளிகள், 11 வகை நோயாளிகள், மாணவர்கள் ஆகியோருக்கானதை ரயில்வே தொடர்ந்தது. டிக்கெட் விலையில் ஏற்கப்பட்ட நோயாளி, பெட்டிக்குள் ஏறியதும் மறுபடி சந்தேகத்துக்கு ஆளாகிறார். கும்மிடிப்பூண்டி மார்க்கத்தில் காலை நெரிசலில் மின்சார ரயிலேறுபவர்களுக்கு இது தெரியும்: மாற்றுத்திறனாளிகள் பெட்டியில் ஏறும் ஒவ்வொருவரின் கால்களையும்தான் எல்லாக் கண்களும் முதலில் பார்க்கும். உரிமையில்லாமல் ஒதுக்கிய பெட்டியில் ஏறுபவருக்கு ரயில்வே சட்டத்தின் 155ஆம் பிரிவுப்படி 500 ரூபாய் வரை அபராதம் உண்டு என்பதால், கேள்வி கேட்பவருக்குச் சட்டத்தின் துணையும் இருப்பதாகத் தோன்றும்.

உச்ச நீதிமன்றம் இதைவிட விரிவாகவே யோசித்திருக்கிறது. கையால் எழுதும்போது தசை இறுகிப்போகும் குறைபாடு கொண்ட விகாஷ் குமார், சிவில் சர்வீஸ் தேர்வுக்கு எழுத்தர் உதவி கேட்டார். 40 சதவீத வரம்புக்குள் வரவில்லை என்று தேர்வாணையம் மறுத்தது. 2021 பிப்ரவரி 11 அன்று வந்த தீர்ப்பு அவர் பக்கம் நின்றது. எழுத்தர் உதவிபோன்ற தேவையான ஏற்பாட்டைப் பெற 40 சதவீதம் கட்டாயமில்லை; நீண்டகாலக் குறைபாடு ஒருவரின் பங்கேற்பைத் தடுக்கிறதா என்பதே கேள்வி என்றது. தேர்வறைக்குச் சொன்ன நியாயம், பார்க்கிங்குக்கும் பொருந்தக்கூடியதுதான்.

2016ஆம் ஆண்டு உரிமைகள் சட்டத்தில் இரண்டு தண்டனைப் பிரிவுகள் எதிரெதிரே நிற்கின்றன. மாற்றுத்திறனாளிகளுக்கான பலனை மோசடியாக அனுபவித்தால் 91ஆம் பிரிவின்படி இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டுமே. பொதுவெளியில் ஒரு மாற்றுத்திறனாளியை அவமானப்படுத்தும் நோக்கத்தோடு இழிவுபடுத்தினால் 92ஆம் பிரிவின்படி ஆறு மாதம் முதல் ஐந்து ஆண்டு வரை சிறையும் அபராதமும். சட்டம் பொய் சொல்பவரையும் தண்டிக்கிறது. கூட்டத்தின் நடுவே கேவலப்படுத்துபவரை அதைவிடக் கடுமையாகத் தண்டிக்கிறது.

அட்டை தரும் நாடுகள்

நம் நாட்டில் யு.டி.ஐ.டி. என்ற தனித்துவ அடையாள அட்டை உண்டு. அது ஆளுக்கானது. வண்டியின் கண்ணாடியில் வைத்துக் காட்டும்படி, பார்க்கிங்குக்கென நாடு தழுவிய அனுமதி அட்டை கிடையாது. நீல நிற ஸ்டிக்கரை எந்தக் கடையிலும் யாரும் வாங்கி ஒட்டிக்கொள்ளலாம். சுங்கச்சாவடியில் கிடைக்கும் விலக்குகூட, உடல் குறைபாடு உள்ளவர் ஓட்டுவதற்கென்றே மாற்றி அமைத்த வாகனத்துக்குத்தான். சாதாரண காரில் போகும் இதய நோயாளிக்கு அது உதவாது. ஆகவே எல்லாச் சுமையும் செக்யூரிட்டியின் கண்ணில் வந்து விழுகிறது.

மற்ற நாடுகள் இதை எப்படிச் சமாளிக்கின்றன? அமெரிக்காவின் 1991ஆம் ஆண்டு விதி நேரடியாகத் தூரத்தைப் பேசுகிறது. இடையில் நின்று இளைப்பாறாமல் 200 அடி, அதாவது சுமார் 60 மீட்டர், நடக்க முடியாதவருக்கு அட்டை உண்டு. இதய நோயின் மூன்றாம், நான்காம் நிலையில் இருப்பவர், நுரையீரல் திறன் மிகக் குறைந்தவர், ஆக்சிஜன் சிலிண்டரோடு நடமாடுபவர் எல்லாரும் அதில் பெயர் சொல்லிச் சேர்க்கப்பட்டிருக்கிறார்கள்.

பிரிட்டனில் நீல அட்டை. 1970களின் தொடக்கத்தில் ஆரஞ்சு நிறத்தில் தொடங்கிய திட்டம் இது. 2019 ஆகஸ்ட் 30 முதல் இங்கிலாந்தில் வெளியே தெரியாத குறைபாடுகளுக்கும் விரிந்தது. ஆட்டிசம், கடும் மனப்பதற்றம் ஆகியவற்றோடு வாழ்பவர்களும் விண்ணப்பிக்கலாம். அந்த அட்டையின் அமைப்பில் ஒரு நுட்பம் உண்டு. கண்ணாடி வழியே தெரியும் முன்பக்கத்தில் சின்னமும் செல்லுபடியாகும் தேதியும் இருக்கும்; ஆளின் படம் பின்பக்கத்தில் மறைந்திருக்கும். என்ன நோய் என்பது எங்கும் இருக்காது. வழிப்போக்கருக்குத் தெரிய வேண்டியது இந்த வண்டிக்கு உரிமை உண்டா என்பது மட்டுமே. அட்டைக்குரியவர் பயணத்தில் இல்லாதபோது வேறொருவர் அதைப் பயன்படுத்தினால் 1,000 பவுண்ட் வரை அபராதம்.

நம்மவர்கள் நிறைய வாழும் சிங்கப்பூர் வேறு வழி எடுத்தது. அங்கே அனுமதி முக்கியமாக அகலத்துக்குத்தான்: நடமாட உதவும் கருவிகளோடு ஏறி இறங்கக் கூடுதல் இடம் தேவைப்படுவோருக்கு. மாற்றுத்திறனாளி தானே ஓட்டினால் ஒரு வகை. அவரை ஏற்றி வரும் குடும்பத்தாருக்கு இன்னொரு வகை, அதற்கு 60 நிமிட வரம்பு. அமெரிக்காவின் ஓரிகன் மாநிலமோ இரண்டையும் பிரித்தே வைத்துவிட்டது. பொதுவான ஒதுக்கீட்டு இடங்களோடு ‘சக்கர நாற்காலி பயன்படுத்துவோருக்கு மட்டும்’ என்ற இடங்களும் அங்கே உண்டு. அகலம் வேண்டுவோரும் அருகாமை வேண்டுவோரும் ஒரே கட்டத்துக்குப் போட்டியிட வேண்டியதில்லை.

எளாவூரிலிருந்து திருவள்ளூருக்கு

‘உண்மையிலேயே முடியாதவர் என்றால் சான்றிதழ் வாங்கிவிட வேண்டியதுதானே?’ என்பது எளிதாகக் கேட்கும் கேள்வி. எளாவூரிலிருந்து பார்த்தால் அதன் தூரம் தெரியும். மாவட்டத் தலைநகர் திருவள்ளூர். ரயிலில் போக நினைத்தால் தெற்கே சென்னை வரை வந்து, அரக்கோணம் மார்க்கத்தில் வண்டி மாறி மறுபடி மேற்கே போக வேண்டும். சாலை வழி என்றால் பேருந்து மாறி மாறி. நடக்க முடியாதவர் தன்னால் நடக்க முடியாது என்று சொல்வதற்கே இவ்வளவு அலைய வேண்டும். விண்ணப்பம் இப்போது இணையவழி என்றாலும், மருத்துவர் முன்னால் நேரில் நின்றாக வேண்டும்.

இன்னொரு தடை, வேலை. சிப்காட்டில் இரும்பு உருக்கும் ஆலைகள், உருட்டும் ஆலைகள், வார்ப்படங்கள் நிறைய. இரைச்சலில் காது மந்தமாவதும் தூசியில் நுரையீரல் கெடுவதும் இப்படிப்பட்ட தொழில்களின் பழைய துணைகள். பணிக்காலத்தில் குறைபாடு வந்தவரை வேலையைவிட்டு நீக்கக் கூடாது என்ற பாதுகாப்பைச் சட்டம் அரசு நிறுவனங்களுக்குத்தான் சொல்கிறது. ஒப்பந்தத் தொழிலாளி என்ன செய்வார்? ஸ்டென்ட் வைத்ததைக்கூட சூப்பர்வைசரிடம் மறைப்பார். கேட் பக்கத்தில் வண்டி நிறுத்த இடம் கேட்டால், ‘அப்போ மெஷின்ல எப்படி நிப்பே?’ என்று திருப்பிக் கேட்டுவிடுவார்களோ என்ற பயம். வீட்டிலும் அப்படித்தான். வலிப்பு, மனநோய் என்று வெளியே தெரிந்தால் வரன் தட்டிப்போகும் என்று அட்டையே வேண்டாம் என்பார்கள். நோயின் பெயரைக் கேட்காமலே உதவுவது ஏன் இங்கிதத்தின் முதல் பாடம் என்பது இங்கேதான் விளங்கும்.

கும்மிடிப்பூண்டிப் பகுதியில் ‘வண்டி’ என்றால் பெரும்பாலும் கார் இல்லை, பைக்தான். இணைப்புச் சக்கரங்கள் பொருத்திய ஸ்கூட்டர்களை அரசே இலவசமாகக் கொடுக்கிறது. அந்த ஸ்கூட்டருக்குச் சாதாரண பைக்கைவிட அதிக அகலம் வேண்டும். பின்னால் தள்ளித் திருப்பவும் இடம் வேண்டும். ஒட்டி ஒட்டி நூறு பைக் நிற்கும் ஸ்டாண்டில் அதை நடுவில் மாட்டிவிட்டால், மாலையில் வருபவர் மற்றவர்கள் எடுக்கும் வரை காத்திருக்க வேண்டியதுதான். ஒதுக்கிய இடம் பற்றிய நம் விதிகள் காரை நினைத்து எழுதப்பட்டவை. கும்மிடிப்பூண்டி பஜாருக்கும் ரயில் நிலைய ஸ்டாண்டுக்கும் முதலில் வேண்டியது, ஸ்கூட்டருக்கான அகல இடமும் நடக்க முடியாதவரின் பைக்குக்கு வாசலோரம் ஓர் இடமும்.

உண்மையான ஆக்கிரமிப்பாளர் யார்?

போலிகளைப் பற்றிய பயம் பொய் இல்லை. 2024இல் ஐ.ஏ.எஸ். பயிற்சி அதிகாரி ஒருவரின் தேர்வை மத்தியத் தேர்வாணையம் ரத்து செய்த விவகாரத்தில் மாற்றுத்திறனாளிச் சான்றிதழும் பேசுபொருளானது. அதன் பிறகு, வெளியே தெரியாத குறைபாடு என்றாலே சந்தேகத்தோடு பார்க்கும் பேச்சுகள் பெருகின. நட்டம் உண்மையான நோயாளிகளுக்கு.

ஆனால் ஒரு கல்யாண மண்டபத்திலோ வங்கி வாசலிலோ ஒதுக்கிய இடத்தைக் கொஞ்ச நேரம் நின்று கவனியுங்கள். அங்கே நிற்பவை என்ன? ஜெனரேட்டர், பூந்தொட்டி, வாடகை நாற்காலி அடுக்கு, முக்கியப் பிரமுகரின் கார், “ரெண்டே நிமிஷம் சார், வந்துடுறேன்” என்று சாவியோடு ஓடியவரின் பைக். இடத்தைப் பறிப்பவர்கள் இவர்கள்தான். இவர்களை நாம் அதட்டுவதில்லை. தயங்கித் தயங்கி வண்டியை நிறுத்தும் நோயாளியைத்தான் அதட்டுகிறோம். ஆள் பார்த்து அதட்டும் பழக்கத்துக்கு நியாயம் என்று பெயர் வைக்க முடியாது.

நிறுத்தும் முன், கேட்கும் முன்...

வண்டி ஓட்டுபவருக்கு:

● உரிமை ஆளுக்கு, வண்டிக்கு இல்லை. அம்மாவை வீட்டில் விட்டுவிட்டு அவருக்கு மாத்திரை வாங்க வந்திருந்தால், அந்த இடம் உங்களுக்கு இல்லை.

● அருகாமை மட்டும் போதும் என்றால், வாசலுக்குப் பக்கத்தில் சாதாரண இடம் காலியாக இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அகலமான இடம் ஒன்றே ஒன்றுதான் இருக்கும் என்றால், அதை நாற்காலிக்காரருக்கு விடுவது அழகு. வேறு இடமே இல்லை, உடம்பும் முடியவில்லை என்றால் கூச்சப்படாமல் நிறுத்துங்கள்.

● உடம்பு நன்றாக இருக்கும் நாளில் இடத்தை விட்டுக்கொடுங்கள். வேலை முடிந்ததும் எடுத்துவிடுங்கள்.

● அட்டை இருந்தால் கையில் வைத்திருங்கள். பட்டியலில் வராத நோய் என்றால் மருத்துவரிடம் ‘நீண்ட தூரம் நடக்க இயலாது’ என்று இரண்டு வரி எழுதி வாங்கிக்கொள்வது நல்லது. சட்டப்படி அது அனுமதிச் சீட்டு ஆகாது. பேச்சு சண்டையாகாமல் தடுக்கும்.

● யாராவது கேட்டால் நோயின் கதையைச் சொல்ல வேண்டியதில்லை. “என்னால அவ்வளவு தூரம் நடக்க முடியாதுங்க” என்பதே போதும்.

பார்ப்பவருக்கு:

● ஆளின் காலைப் பார்க்காதீர்கள். நடக்கச் சொல்லிப் பார்க்காதீர்கள்.

● படம் எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள். நீங்கள் தவறாக இருந்தால், ஒரு நோயாளியின் முகமும் வண்டி எண்ணும் ஊரெல்லாம் சுற்றும்.

● சந்தேகம் என்றால் செக்யூரிட்டியிடமோ நிர்வாகத்திடமோ சொல்லுங்கள். வண்டிக்காரர் தனக்குத் தேவை என்று சொன்னால், “சரி” என்று நகர்வது தோல்வி இல்லை.

காவலாளிக்கும் நிர்வாகத்துக்கும்:

● கேள்வி எல்லாருக்கும் ஒன்றாக இருக்கட்டும்: “வணக்கங்க, இது நடக்க முடியாதவங்களுக்கான இடம். உங்களுக்குத் தேவைப்படுதுங்களா?” பெரிய காரில் வருபவரிடமும் இதையே கேட்க வேண்டும். ஆரோக்கியமானவர்களில் பலர் இந்தக் கேள்விக்கே வண்டியை எடுத்துவிடுவார்கள்.

● “உங்களுக்கு என்ன பிரச்னை?” என்று எல்லார் முன்னும் கேட்கக் கூடாது.

● இடம் தர முடியாவிட்டால் வாசலில் இறக்கிவிட அனுமதியுங்கள். ஓட்டுநர் வண்டியை உள்ளே விட்டுவிட்டு வரட்டும்.

இனி செய்ய வேண்டியது

இங்கிதம் எல்லாவற்றையும் சுமக்க முடியாது. அரசு செய்ய வேண்டியது நிறைய இருக்கிறது. பொதுக் கட்டடங்களை மாற்றி அமைக்க 2016 சட்டம் தந்த ஐந்தாண்டு அவகாசம் 2022 ஜூனிலேயே முடிந்துவிட்டது. பார்வை மாற்றுத்திறனாளியான ராஜீவ் ரதூரி 2005இல் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 2024 நவம்பர் 8 அன்று, அணுகல் தரங்களை வெறும் பரிந்துரையாக விட்டுவைத்த விதி சட்டத்துக்கு முரணானது என்றது. கட்டாயமான குறைந்தபட்சத் தரங்களை மூன்று மாதத்துக்குள் வகுக்கவும் உத்தரவிட்டது. கட்டாய விதி என்று வரும்போது, ‘எத்தனை இடம்’ என்பதோடு ‘யாருக்கு’ என்பதையும் எழுத வேண்டும். அகலத்துக்கு ஒன்று, அருகாமைக்கு ஒன்று என இரண்டு வகை பார்க்கிங் அட்டை, நோயின் பெயர் இல்லாமல், சதவீதத்துக்குப் பதில் நடக்கக்கூடிய தூரத்தை அளந்து, குணமாகக்கூடியவர்களுக்குக் காலவரம்போடு. எலும்பு முறிந்தவரும் கீமோதெரபியில் இருப்பவரும் ஆறு மாத அட்டை வாங்கிக்கொள்ளலாம். அதை வழங்கத் திருவள்ளூர் வரை இழுக்காமல், கும்மிடிப்பூண்டி அரசு மருத்துவமனை மருத்துவரின் கையெழுத்தே போதும் என்று வைக்க வேண்டும்.

அதுவரை காத்திருக்கத் தேவையில்லாத இடம் ஒன்று உண்டு: தொழிற்சாலை வளாகம். 20 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் தனியார் நிறுவனங்களும் மாற்றுத்திறனாளி ஊழியர்களுக்கான சமவாய்ப்புக் கொள்கையை எழுதி, அவர்களுக்குத் தரும் வசதிகளை அதில் சொல்லி, ஒரு தொடர்பு அதிகாரியையும் நியமிக்க வேண்டும் என்கின்றன 2017ஆம் ஆண்டு விதிகள். சிப்காட்டில் இந்த எண்ணிக்கையைத் தாண்டும் ஆலைகள் ஏராளம். ஷெட்டுக்குப் பக்கத்தில் மேலாளர்களின் கார் நிற்கும் வரிசையில் நான்கு இடத்தை ‘நீண்ட தூரம் நடக்க இயலாதவர்களுக்கு’ என்று தமிழிலும் இந்தியிலும் எழுதி ஒதுக்கலாம். அதைக் கேட்கும் தொழிலாளி ஆலை மருத்துவரிடம் மட்டும் காரணம் சொன்னால் போதும். சூப்பர்வைசருக்குத் தெரிய வேண்டியதில்லை என்று கொள்கையிலேயே எழுதிவிடலாம். செலவு, ஒரு டப்பா பெயின்ட். மேலாளர் தன் காரை ஐம்பது மீட்டர் தள்ளி நிறுத்தச் சம்மதிக்கிறாரா என்பதுதான் மிச்சமிருக்கும் கேள்வி.